கொல்லையில் வண்ண மீன் தொட்டி: கழிவுத் தொட்டியை நான்காகத் தடுங்கள்

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



போன மாதம் சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான். வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்க்கிறானாம். "மேல இருக்கிற தொட்டி எனக்குப் புரியுதுங்க. ஆனா கீழே அலமாரிக் கதவைத் திறந்தா அங்க இன்னொரு தொட்டி இருக்கு. அதைத் தடுத்துத் தடுத்து அறை அறையாப் பண்ணி வச்சிருக்கான். ஒரு அறையில மீனே கிடையாது, வெறும் பாசி. ராத்திரி ஆனா அந்தப் பாசிக்கு மட்டும் விளக்கு எரியுது. காசு கொடுத்துப் பாசி வளக்கிறவனை இப்பத்தாங்க பாக்குறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிக்க வேண்டிய சங்கதி இல்லை அது. மேலே மீன் உயிரோடு இருப்பதே கீழே இருக்கிற அந்தத் தொட்டியால்தான். நம்ம ஊரில் கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டிக் கப்பி, மோலி, கோய் கெண்டை, தங்கமீன் என்று வளர்க்கிறவர்களுக்கும், வளர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் அந்தக் கீழ்த்தொட்டி வித்தை அப்படியே பொருந்தும். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடலில் உயிர்ப்பவளம் எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி விடாதீர்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளையும் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்து விட்டார்கள். பாறை கட்டுகிற பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஆகவே பவளம் கடலிலேயே இருக்கட்டும். அதை வளர்க்கிறவர்கள் தண்ணீரைச் சுத்தமாக வைக்கக் கண்டுபிடித்த முறையை மட்டும் நாம் எடுத்துக் கொள்வோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீன் தின்கிறது, கழிக்கிறது. தின்னாத தீனி அடியில் அழுகுகிறது. இதில் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். வெயிலில் தண்ணீர் சூடேறினாலும், தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை கூடுதலாக இருந்தாலும் இந்த விஷத்தின் வேகம் கூடும். நம்ம பக்கத்தில் எத்தனை கிணற்றுத் தண்ணீர் கொதித்த பிறகு பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இதற்கு வழக்கமான வைத்தியம், பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இது சுலபம். ஆண்டிபட்டிப் பக்கம், கோடையில் குடிக்கவே குடத்தோடு நிற்கிறவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? அவர்களுக்கு ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து ஓட்டுகிற வழிதான் வேண்டும்.

வழி எப்படி என்பதற்கு நம்ம பள்ளத்தாக்கையே பாருங்கள். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வருகிற தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு வேகமாக இறங்குகிறது. சுருளியாறு சேருகிறது. கொட்டகுடி ஆறு, வருசநாட்டிலிருந்து வருகிற வைகை எல்லாம் மழைக்காலத்தில் மண்ணைக் கரைத்துக் கொண்டு வருகின்றன. ஓடுகிற வரைக்கும் அந்த மண் தண்ணீரோடு போகும். 1959-ல் திறந்த வைகை அணைக்கு வந்ததும் தண்ணீர் பரந்து நிற்கிறது. நின்றதும் மண் கீழே இறங்கிவிடுகிறது. அணையில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்து போச்சு என்று நாம் புலம்புகிறோமே, அதே காரியத்தை மீன் தொட்டியில் நாமே வேண்டுமென்று செய்யப் போகிறோம். வேகமாக வருகிற அழுக்குத் தண்ணீரை அகலமான இடத்தில் நிறுத்தி அழுக்கை இறங்க வைப்பதுதான் முதல் அறையின் வேலை.

அளவு சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள். மீன் தொட்டி 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி உயரம். அதில் இரண்டரை அடித் தண்ணீர் நிற்கும். சுமார் 3,500 லிட்டர். இதை இரண்டடி உயர மேடையில் கட்டுங்கள். மேடை கல்லும் மண்ணும் போட்டு நன்றாகத் திமிசு போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். தண்ணீர் மட்டுமே மூன்றரை டன் எடை வரும். பக்கத்திலேயே கழிவுத் தொட்டி 6 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம். இதில் ஒரு அடியைத் தரைக்குள் இறக்கிக் கட்டுங்கள். மேலே இருந்து தண்ணீர் தானாக இறங்கி வர வேண்டும், மோட்டார் ஒரு பக்கம் மட்டும்தான் தள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்றத்தாழ்வு.

மீன் தொட்டியில் தண்ணீர் எங்கே வழிய வேண்டும்? மேல்மட்டத்தில் வழிந்தால் அடியில் கிடக்கிற அழுக்கு அப்படியே கிடக்கும். இதற்குக் குழாய்க்குள் குழாய் வையுங்கள். உள்ளே 2 அங்குலக் குழாய், 30 அங்குல உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கட்டும். அதன் மேல் 4 அங்குலக் குழாய் ஒன்றைச் சட்டை போட்ட மாதிரி கவிழ்த்து நிறுத்துங்கள். இந்தச் சட்டைக் குழாய் நீர் மட்டத்துக்கு மேலே தலை தூக்கி நிற்க வேண்டும், அடியில் மட்டும் சுற்றிலும் வெட்டு விட்டிருக்க வேண்டும். இப்போது தண்ணீர் அடியில் நுழைந்து, இரண்டு குழாய்க்கும் நடுவே ஏறி, உள்குழாயில் விழும். அடி அழுக்கு தானாக வந்துவிடும். வெட்டுகளைச் சுற்றி வலை கட்டாவிட்டால் அழுக்கோடு குஞ்சும் வந்துவிடும். இன்னொரு குழாயை ஒரு அங்குலம் உயர்த்தி வைத்து விடுங்கள். முதல் குழாயை ஒரு வேப்பிலை அடைத்துக் கொண்டால் அது காப்பாற்றும்.

இனி கழிவுத் தொட்டியின் தடுப்புகள். கலிங்கும் மடையும் தெரிந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. தண்ணீர் ஒரு சுவரைத் தாண்டி மேலே வழிய வேண்டும் என்றால் அது கலிங்கு. சுவருக்கு அடியில் நுழைய வேண்டும் என்றால் அது மடை. மேஸ்திரியிடம் இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும். தடுப்புக்குக் கடப்பாக் கல் நல்லது, இடத்தை அடைக்காது.

முதல் அறை ஒன்றரை அடி. இது வண்டல் அறை. மேலிருந்து வருகிற குழாயின் வாயை அடிப்பக்கமாகத் திருப்பி விடுங்கள், தண்ணீர் கலங்காது. அறையின் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிவாக இருக்கட்டும். இந்த அறையின் முடிவில் 18 அங்குல உயரத்தில் ஒரு கலிங்குச் சுவர்.

அதைத் தாண்டி 3 அங்குலம் விட்டு இன்னொரு கல். இது மடைக்கல். அடியில் 3 அங்குலம் திறந்திருக்கும், தலை 21 அங்குலத்தில் இருக்கும். தண்ணீர் கலிங்கைத் தாண்டி விழுந்து, மடையில் நுழைந்து, இரண்டாவது அறையில் கீழிருந்து மேலே ஏறும். அந்த இரண்டாவது அறையும் ஒன்றரை அடி. இது வடிகட்டி அறை. முக்கால் அங்குல ஜல்லியை வெங்காய மூட்டை வலைப் பைகளில் கட்டி அடுக்குங்கள். உடைந்த செங்கல்லும் ஆகும். பையில் கட்டச் சொல்வது எதற்கென்றால், நாளைக்குத் தூக்கி அலச வேண்டும், கையால் அள்ளிக் கொண்டிருக்க முடியாது.

இந்த ஜல்லி அழுக்கைப் பிடிப்பதற்கு மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் என்றால் நாம் பயிருக்குப் போடுகிற தழைச்சத்துதான், மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஜல்லியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவினால் இந்தக் குடும்பம் மொத்தமும் செத்துப் போகும். தொட்டித் தண்ணீரிலேயே லேசாக முக்கி எடுங்கள், போதும்.

வடிகட்டி அறையின் முடிவில் 16 அங்குலக் கலிங்கு. அதைத் தாண்டினால் மோட்டார் அறை, ஒரு அடி. அதற்கு அப்பால் கடைசியாக 2 அடியில் நாலாவது அறை. இதுதான் அந்தச் சென்னைப் பையன் விளக்குப் போட்டு வளர்க்கிற பாசி அறை. இதற்குப் புகலிட அறை என்று பெயர் சொல்வார்கள். மீன் வாய்க்கு எட்டாமல் சின்ன உயிர்கள் அடைக்கலம் புகுந்து பெருகுகிற இடம் என்று அர்த்தம்.

இந்த அறைக்கு முழு ஓட்டத்தையும் விடக்கூடாது. மோட்டார் மேலே தள்ளுகிற குழாயில் ஒரு கிளை எடுத்து, ஒரு வால்வு வைத்து, ஒரு குடம் நிறையப் பத்து நிமிஷம் ஆகிற அளவுக்குச் சன்னமாக விடுங்கள். அது 16 அங்குலக் கலிங்கு வழியாக மோட்டார் அறைக்கே திரும்ப வழியும். நான் முதலில் இது தெரியாமல் எல்லாத் தண்ணீரையும் இதற்குள்ளேயே ஓட்டினேன். ஒரு வாரத்தில் உள்ளே விட்ட பூச்சியெல்லாம் அடித்துக் கொண்டு போய்விட்டது.

என்ன பூச்சி என்கிறீர்களா? டாப்னியா என்பார்கள். கண்மாய்த் தண்ணீரில் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளித் துள்ளி நீந்துமே, அதுதான். கப்பிக் குஞ்சுக்கும் கோய்க் குஞ்சுக்கும் இதைப் போல் தீனி கிடையாது. கடல் தொட்டிக்காரர்கள் இதே மாதிரி கடல் பூச்சிகளை வளர்க்கிறார்கள், நமக்கு நன்னீர்ப் பூச்சி. கலிங்கு வாயில் மெல்லிய வலை வையுங்கள். வாரம் இரண்டு முறை ஒரு வடிகட்டித் துணியால் அள்ளி மேலே விடுங்கள்.

செடிக்கு வருகிறேன். வடிகட்டி அறையில் உண்டான நைட்ரேட் தண்ணீரிலேயே சேர்ந்து கொண்டே போகும். அதை உறிஞ்சச் செடி வேண்டும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்கிற அறிஞர், பவளத் தொட்டித் தண்ணீரைப் பாசியைக் கொண்டே சுத்தம் செய்து காட்டினார். பையன் வளர்க்கிற பாசியும் அந்த வழியில் வந்ததுதான். மேலே விளக்கு அணைந்திருக்கிற இராத்திரியில் கீழே பாசிக்கு விளக்குப் போட்டால், இரு வேளையும் ஏதோ ஒரு பக்கம் பிராணவாயு உண்டாகிக் கொண்டிருக்கும் என்பது கணக்கு. நமக்கு வெயில் இருக்கிறது, விளக்கு வேண்டாம்.

பாசிக்குப் பதில் நம்ம அறையில் என்ன விடலாம்? பலரும் அசோலா என்பார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் ஆகுமே என்பார்கள். ஆகும்தான். ஆனால் ஒன்றை மறந்து விடுகிறார்கள். அசோலாவுக்குள்ளேயே ஒரு நீலப்பச்சைப் பாசி இருந்து கொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. வீட்டிலேயே சோறு இருக்கிறவன் உங்கள் வீட்டுப் பந்திக்கு ஏன் ஓடி வருகிறான்? தண்ணீரில் இருக்கிற தழைச்சத்தை வேகமாக இழுக்க வள்ளைக்கீரைதான் என் கட்சி. தண்டைக் கிள்ளி மிதக்க விட்டால் வேர் விட்டுவிடும். வாரா வாரம் கீரையை அறுத்து எடுத்துவிட வேண்டும். அறுக்காமல் விட்டால் அது அங்கேயே அழுகி, உறிஞ்சியதை எல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே கக்கும். ஆகாயத்தாமரை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு செடி வாய்க்காலில் தப்பிப் போனால் ஊர்க் கண்மாயே மூடிவிடும்.

தாய்மார்கள் ஒன்று கேட்பீர்கள், மீன் இல்லாத தண்ணீரில் கொசு வராதா என்று. கட்டாயம் வரும். அந்த அறைக்கு மட்டும் கொசுவலை போட்டு இறுக்கிக் கட்டி விடுங்கள். டெங்குக் காய்ச்சல் வந்தபிறகு டாப்னியாவைக் கொஞ்சிப் பிரயோஜனமில்லை.

இனி மோட்டார் அறை. மணிக்கு 3,500 லிட்டர் தள்ளுகிற, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற சின்ன மோட்டார் போதும். 50 வாட் மோட்டார் இராப்பகலாக ஓடினால் நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாசத்துக்கு 72 யூனிட். மோட்டார் அறையில் 12 அங்குலத் தண்ணீர் நிற்கட்டும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மற்ற அறைகளில் தண்ணீர் மட்டம் கலிங்கு உயரத்தில் அசையாமல் நிற்கும். மீன் தொட்டியிலும் குழாய் வாய் மட்டத்தில் நிற்கும். அப்படியானால் வெயிலிலும் காற்றிலும் வற்றுகிற தண்ணீர் எங்கே குறையும்? எல்லாம் சேர்ந்து மோட்டார் அறையில் மட்டும்தான் குறையும். மீன் தொட்டி 50 சதுர அடி, கழிவுத் தொட்டி 18 சதுர அடி, ஆக 68. மோட்டார் அறை 3 சதுர அடி. மொத்தப் பரப்பிலும் கால் அங்குலம் வற்றினால், மோட்டார் அறையில் ஆறு அங்குலம் இறங்கியிருக்கும். பாதித் தண்ணீர் போச்சு! நம்ம பக்கத்துத் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் கால் அங்குலம் வற்ற எத்தனை நேரம் ஆகும்? தினமும் காலையில் பார்த்து ஊற்றுங்கள். மிதவை வைத்து, மட்டம் இறங்கினால் மோட்டார் தானாக நிற்கிற சுவிட்சும் போடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசம். இராத்திரி காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போய்விட்டது. மோட்டார் நின்றது. தண்ணீர் மேலே போகிற குழாயின் வாயை மீன் தொட்டியில் அரையடி ஆழத்தில் முங்க வைத்திருந்தேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. மோட்டார் நின்றதும் அதே குழாய் எதிர்ப்பக்கமாக உறிஞ்ச ஆரம்பித்து விட்டது. மண்ணெண்ணெய் டின்னில் டியூப் போட்டு வாயால் இழுத்து விடுவோமே, அந்தக் கதைதான். குழாய் வாய் காற்றில் தெரிகிற வரைக்கும் இறங்கியது. அரையடி ஆழம், 50 சதுர அடி, கணக்குப் பார்த்தால் 700 லிட்டர். கழிவுத் தொட்டியில் மிச்சம் இருந்த இடமோ 550 லிட்டருக்குத்தான். மீதி கொல்லையெல்லாம் ஓடியது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விடிகாலை மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. 150 லிட்டர் வெளியே போய்விட்டதால் மேல்தொட்டி நிரம்புவதற்கு முன்பே மோட்டார் அறை காய்ந்து விட்டது. மிதவை சுவிட்சு அப்போது என்னிடம் இல்லை. வெறும் ஓட்டம் ஓடி மோட்டார் கருகியது. "கொல்லையில ஏதோ தீஞ்ச வாசம் வருதுங்க" என்று வீட்டம்மா எழுப்பின பிறகுதான் போய்ப் பார்த்தேன். கோய் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருந்தன. வாளியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், இரண்டு பேரும், விடிகிற வரைக்கும். சின்னது கொஞ்சம் பிழைத்தது. இரண்டு வருஷம் வளர்த்த பெரிய மீன் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பிராணவாயு குறைந்தால் முதலில் போவது பெரிய மீன்தான். தண்ணீருக்கு மேலே அரைச் சாண் உயர்த்திக் குழாய் வாயை வைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

ஆகவே குழாய் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் தெறித்து விழும்போது காற்றும் கலக்கும். சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறது. முங்க வைத்தே தீர வேண்டும் என்றால், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே குழாயில் ஒரு துளை போடுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். துளையைப் பாசி அடைக்கும், வாரா வாரம் குச்சியால் குத்தி விட வேண்டும். ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்பார்கள். ஒரு நத்தை மாட்டினால் வால்வு மூடாது. அதை நம்பாதீர்கள். எல்லாம் கட்டி முடித்ததும், மீன் விடுவதற்கு முன், பகல் வேளையில் நீங்களே மோட்டாரை நிறுத்தி அரை மணி நேரம் நின்று பாருங்கள். கழிவுத் தொட்டி வழியவில்லை என்றால்தான் மீன் வாங்கப் போகலாம். பாட்டரியில் ஓடுகிற காற்றுக் குமிழிக் கருவி ஒன்றும் வாங்கி வையுங்கள். கரண்டு போனால் தானாக ஓடுகிற மாதிரி கிடைக்கிறது.

புதுச் சிமெண்டுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு இறங்கும். வாழை மரத் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அதன் பிறகும் அவசரம் கூடாது. ஜல்லியில் நுண்ணுயிர் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் பத்துப் பதினைந்து மோலி மீன் மட்டும் விட்டு, தீனியைச் சிட்டிகை அளவில் போட்டு வாருங்கள். வண்ண மீன் கடையில் அம்மோனியா, நைட்ரைட் பார்க்கிற சோதனைக் குப்பி விற்கிறார்கள். இரண்டும் ஏறி இறங்கி இல்லாமல் போன பிறகு மற்ற மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இந்த அளவுத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தீனிக்கு மேல் போகாத அளவு மீன் வைத்துக் கொள்வது என் வழக்கம். கறி மீன் நிறைய வளர்க்க இந்த ஏற்பாடு தாங்காது.

வண்டல் அறையில் சேர்ந்ததை வாரம் ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு வாளியால் மொண்டு எடுங்கள். தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றலாம். தோப்பு தாழ்வாக இருந்தால் அடியில் குழாய் வைத்துத் திறந்து விட்டாலே போய்ச் சேரும்.

திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. பன்னீர்த் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் போர்டோ கலவை அடிக்கிறோம். அதில் மயில்துத்தம், அதாவது செம்பு இருக்கிறது. செம்பு மீனைக் கொல்லுவதற்கு முன்னால் டாப்னியாவையும் நத்தையையும் கொன்றுவிடும். கடல் தொட்டிக்காரர்களும் செம்பு என்றால் நடுங்குவார்கள். பூச்சி மருந்துகளில் பைரித்திராய்டு வகை இன்னும் மோசம், துளி போதும் மீனை அழிக்க. மருந்து அடிக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் தொட்டியைத் தார்ப்பாயால் மூடுங்கள். தெளிப்பானைக் கழுவின கையோடு தொட்டியில் கை வைக்காதீர்கள். புகலிட அறையில் துள்ளிக் கொண்டிருந்த பூச்சி ஒரு நாள் காலையில் அசையாமல் கிடந்தால், உடனே மோட்டாரை நிறுத்தி மேல்தொட்டிக்கும் கீழ்த்தொட்டிக்கும் உள்ள தொடர்பை வெட்டி விடுங்கள். காற்றுக் குமிழிக் கருவியைப் போட்டுவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். 2020-ல் ஆரம்பித்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். இந்த வருஷத்துக்கு என்ன நிலவரம், எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக் கொள்ளுங்கள். கட்டி முடித்துவிட்டுப் போய்க் கேட்காதீர்கள், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே போய்விடுங்கள். போகும்போது தொட்டியின் அளவையும் நாலு அறையையும் ஒரு தாளில் வரைந்து எடுத்துக் கொண்டு போங்கள். அதே தாளை மேஸ்திரியிடமும் கொடுக்கலாம், மடைக்கல்லையும் கலிங்கையும் இடம் மாற்றி வைத்துவிடாமல் இருப்பார்.